வைட் லென்ஸ் படங்களில் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வைட் லென்ஸ், அதாவது அகலமான கோணத்தில் பார்க்கும் லென்ஸ், வாங்கியவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் புகார்கள் சில உண்டு. கோபுரம் பின்னால் சாய்கிறது, குரூப் போட்டோவின் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா ஒன்றரை மடங்கு பருத்துவிடுகிறார், நேரில் மலைக்கவைத்த மலை படத்தில் கடுகளவாகிறது, வானத்தில் கருநீலப் பட்டை ஒன்று விழுகிறது. லென்ஸைக் குறைசொல்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. நிற்கும் இடத்தையோ கேமராவின் சாய்வையோ மாற்றினால் கோளாறு மாறுகிறதா? அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்றினால் மாறுகிறதா? படத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் லென்ஸில் குறையில்லை. கேமரா இருந்த நிலைதான் காரணம். இரண்டாவதற்கு ஆம் என்றால் அது பெரும்பாலும் அந்த லென்ஸ் வடிவமைப்பின் இயல்பு. மூன்றாவதற்கு ஆம் என்றால் மட்டுமே உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும். புகார்களில் பெரும்பகுதி முதல் கேள்வியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

கீழே வரும் குவியத்தூரங்கள் (லென்ஸின் மி.மீ. எண்; அது குறையக் குறையக் காட்சி அகலமாகும்), வேறாகக் குறிப்பிடாத இடங்களில், 36 × 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு உரியவை. கிராப் சென்சார் (அதை விடச் சிறிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்கள் தங்கள் லென்ஸின் எண்ணை நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் 1.5 ஆலும், கேனான் என்றால் 1.6 ஆலும் பெருக்கிக்கொண்டு ஒப்பிடவும்.

கட்டடமும் கோபுரமும் பின்னால் சாய்கின்றன

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததுதான் காரணம். சென்சாரின் தளம் கட்டடத்தின் சுவருக்கு இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே பதியும். கேமரா சில பாகை அண்ணாந்தாலே அவை மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கும். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் இதற்கு நேர்மாறாகத் தூண்கள் மேலே விரிந்துகொண்டு போகும். 50 மி.மீ. லென்ஸிலும் இதே விதிதான், ஆனால் வைட் லென்ஸை வைத்திருப்பவர் கட்டடத்தின் காலடியிலேயே நின்றுகொண்டு மிகையாக அண்ணாந்து எடுப்பதால் சாய்வு கண்ணை உறுத்துகிறது.

முதலில் கேமராவில் உள்ள மின்னணு லெவலைத் திரையில் வரவழையுங்கள். பக்கவாட்டுச் சாய்வை மட்டுமல்லாமல் முன்பின் சாய்வையும் காட்டும் வகை என்றால் இரண்டையும் சுழிக்குக் கொண்டுவந்து, கேமராவை நெட்டுவாக்கில் (படம் அகலத்தை விட உயரமாக வரும்படி) பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இந்த நிலையில் 24 மி.மீ. லென்ஸ், நீங்கள் நிற்கும் தூரத்தில் முக்கால் பங்கு உயரத்தைக் கண்மட்டத்துக்கு மேலே காட்டும். அதாவது 100 அடி தள்ளி நின்றால் 75 அடி. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் சுமார் 236 அடி உயரம். அதைச் சாய்க்காமல் முழுதாக அடக்க 24 மி.மீ. லென்ஸுக்கு 300 அடிக்கு மேல் பின்வாங்க வேண்டும், 16 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 205 அடி போதும். படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தார்ச்சாலையும் நிறுத்தியிருக்கும் பைக்குகளுமாக இருக்கும். அதை வெட்டி எறிந்துவிடுங்கள். கோடுகள் நேராக நிற்பதற்கு நாம் தரும் விலை அந்தக் கீழ்ப்பாதி.

பின்வாங்க இடமில்லை என்றால் சாய்த்து எடுத்துவிட்டு லைட்ரூமின் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியிலோ அதுபோன்ற வேறு மென்பொருளிலோ நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது படத்தின் இருபுறமும் ஆப்பு வடிவத்தில் இழப்பு ஏற்படும் என்பதால், எடுக்கும்போதே பக்கங்களில் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும்.

நம் கோயில்களை எடுப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு பொறி காத்திருக்கிறது. கோபுரம் இயல்பாகவே மேலே குறுகுவது. மென்பொருளின் தானியங்கித் திருத்தம் அந்த இயல்பான சரிவையும் கேமராச் சாய்வின் விளைவு என்று எடுத்துக்கொண்டு, கோபுரத்தின் பக்கங்களை இணையாக்கப் பார்க்கும். விளைவாக, தலை பெருத்த பெட்டி போன்ற ஒரு கோபுரம் கிடைக்கும். ஆகவே தானியங்கிப் பொத்தானை விட்டுவிட்டு, உண்மையிலேயே செங்குத்தாக உள்ள கோடுகளை நீங்களே காட்டிக்கொடுங்கள். கோபுரத்தில் அடியில் உள்ள கல் பகுதியும் வாயிலின் நிலைக்கால்களும் செங்குத்தானவை. மேலே உள்ள சுதை நிலைகள்தான் சரிந்து செல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்திலும் கீழே இரண்டு தள உயரத்துக்குச் சுவர் நேராக எழும்பிய பிறகே கூம்பத் தொடங்குகிறது. அந்தச் சுவரின் விளிம்புகளில் வழிகாட்டிக் கோடுகளைப் பொருத்தினால் கோபுரமோ விமானமோ தன் உண்மையான வடிவத்தில் நிற்கும். மிகவும் அருகிலிருந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து எடுத்த படத்தை முழுதாக நிமிர்த்த முயல வேண்டாம். பார்ப்பவர்கள் அந்தக் கோணத்தில் கொஞ்சம் சாய்வை எதிர்பார்க்கவே செய்கிறார்கள், அது முற்றிலும் இல்லாதபோது கட்டடம் முன்னால் விழுவதுபோல் தோன்றும்.

ஷிஃப்ட் லென்ஸ் இந்தச் சிக்கலுக்கென்றே பிறந்தது. கேனானின் 24 மி.மீ. டிஎஸ்-ஈ இரண்டாம் பதிப்பு, கேமராவைச் சாய்க்காமலேயே கண்ணாடித் தொகுதியை 12 மி.மீ. வரை நகர்த்தித் தருகிறது. அதனால் கீழ்ப்பாதித் தார்ச்சாலைக்குப் பதிலாக மேல்நிலைகள் உள்ளே வரும். ஃபோகஸைக் கையால்தான் வைக்க வேண்டும், விலையும் அதிகம். கட்டடக்கலைப் படங்களையே தொழிலாகக் கொண்டவர்களைத் தவிர மற்றவர்கள் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுப்பதே சரி.

குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தெரிகிறார்கள்

கல்யாண மண்டபங்களில் மணமேடைக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவே கிடைக்கும் குறுகிய இடத்தில் 16 மி.மீ. லென்ஸோடு நிற்பவர்கள் எல்லோரும் சந்திக்கும் கோளாறு இது. லென்ஸ் பழுதும் அல்ல, மலிவான லென்ஸின் குறையும் அல்ல. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும், தட்டையான சென்சாரின் ஓரத்துக்குச் செல்லச் செல்ல, உருண்டையான பொருளை வெளிப்புறமாக இழுத்துத்தான் பதிய வைக்கும். இழுவையின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லலாம்: கிடைமட்டமாகப் பிடித்த கேமராவில் இடது அல்லது வலது விளிம்பில் விழும் தலை, 35 மி.மீ. லென்ஸில் உயரத்தை விட எட்டில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகவும், 24 மி.மீ. லென்ஸில் கால் பங்கு கூடுதலாகவும், 16 மி.மீ. லென்ஸில் அரைப் பங்கு கூடுதலாகவும் பதியும். பல லட்சம் விலையுள்ள லென்ஸிலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே தீர்வு, ஆட்களை ஓரத்துக்குப் போகவிடாமல் வைத்திருப்பதுதான். ஒரே வரிசையாக இருபது பேரை நிற்கவைப்பதற்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று வரிசைகளாக, உட்கார்ந்தும் மேடைப்படியில் ஏறியும் நிற்கவைத்து, இருபுறமும் அலங்காரத் தூணோ பூந்தொட்டியோ வரும்படி காலியிடம் விடுங்கள். பூந்தொட்டி பருத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. முதல் வரிசை நாற்காலிகளை ஐந்து நிமிடம் நகர்த்தச் சொல்லிவிட்டு 35 மி.மீ. லென்ஸோடு பின்வாங்குவது இன்னும் மேல். மண்டபத்தில் நாற்காலியை நகர்த்தச் சொல்லக் கூச்சப்பட்டு, ஆல்பம் வந்த பிறகு மாப்பிள்ளையின் அத்தையிடம் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

ஆட்களை அரைவட்டமாக நிற்கவைத்தால் சரியாகும் என்ற ஒரு நம்பிக்கை இருக்கிறது. வைட் லென்ஸில் அது நிலைமையை மோசமாக்கும். ஃபோகஸ் தளம் பெரும்பாலும் தட்டையானது. அரைவட்டத்தின் முனையில் நிற்பவர்கள் அந்தத் தளத்துக்கு முன்னால் வந்துவிடுவதால் மங்கலாகவும் வாய்ப்புண்டு, கேமராவை நெருங்கிவிடுவதால் அகலத்தோடு உயரமும் கூடிவிடும். நேர்வரிசையே பாதுகாப்பானது. எடுத்து முடித்துவிட்ட படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் டிஎக்ஸ்ஓ வியூபாயிண்ட் போன்ற மென்பொருளில் ஓர இழுவையைக் குறைக்கும் வசதி உண்டு. ஆனால் தலைகள் ஒழுங்காகும் அளவுக்கு மேடையின் நேர்கோடுகள் வளையும்.

தனி ஆளின் படத்தில் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கித் தெரிவது வேறொரு கோளாறு. அது ஓரத்தில் அல்ல, நடுவிலேயே வரும். அதற்குக் காரணம் தூரம் மட்டுமே. மூக்குக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மூக்கிலிருந்து 40 செ.மீ. தள்ளி எடுக்கும்போது மூக்கு காதை விடச் சுமார் 30 சதவீதம் பெரிதாகப் பதிகிறது. 2 மீட்டர் தள்ளி எடுத்தால் அந்த வேறுபாடு 6 சதவீதம்தான். லென்ஸை மாற்றாமல் இரண்டடி பின்வாங்கி, பிறகு படத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாம் அடங்குகிறது, ஆனால் படத்தில் ஒன்றுமே இல்லை

வைட் லென்ஸின் வேலை நிறைய இடத்தை அடக்குவது என்று நினைத்து வாங்குவதன் விளைவு இது. அது அருகில் இருப்பதைப் பெரிதாக்கி, தொலைவில் இருப்பதைச் சிறிதாக்குகிறது. அருகில் ஒன்றுமே இல்லாதபோது சிறிதானவை மட்டுமே மிஞ்சுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைச் சாலையோரத்தில் நின்று 16 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பாதி வானம், பாதி சாலை, நடுவில் ஒரு நீலக் கோடு என்றுதான் வரும். மலைதான் வேண்டும் என்றால் 70 மி.மீ. போட்டு எடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வைட் லென்ஸைத்தான் பயன்படுத்துவது என்றால் முன்னால் ஒரு பொருளைத் தேடி, அதை நெருங்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டு வாசலில் ஒரு கோலத்தை எடுத்துக்கொள்வோம். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் கோலம் படத்தின் அடியில் ஒரு சிறிய வெள்ளைத் திட்டு. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கோலத்தின் முதல் புள்ளி லென்ஸிலிருந்து முக்கால் மீட்டரில் வரும்படி வைத்தால், மாவு உதிர்ந்த இழைகளும் மஞ்சள் கலந்த பூசணிப்பூவும் கீழ்ப்பாதியை நிறைக்கும்; கோடுகள் பார்வையை இழுத்துக்கொண்டு போய் நிலைக்கதவில் விடும். 16 மி.மீ. லென்ஸை எஃப் 8 இல் (எஃப் எண் அப்பர்ச்சரின் அளவு; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) வைத்து ஒரு மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ அரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை போதிய கூர்மையுடன் கிடைக்கும். எனவே கோலமும் கதவும் ஒரே படத்தில் தெளிவாக இருக்கும். ஓர் அடி முன்னால் நகர்ந்தாலும் படத்தின் அமைப்பு தலைகீழாக மாறுவதால், ஒரே இடத்தில் நின்று ஜூம் வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வைட் லென்ஸ்தான், ஆனால் வைடாகத் தெரியவில்லை

ஃபுல் ஃப்ரேமுக்கான 16–35 மி.மீ. லென்ஸைக் கிராப் சென்சார் கேமராவில் பொருத்தினால் அது 24 முதல் 52 வரையிலான சாதாரண லென்ஸாகிவிடும். கேனான் என்றால் 26 முதல் 56. கேமராவோடு வந்த 18–55 லென்ஸின் 18 மி.மீ. முனையே 27 அல்லது 29 மி.மீ.க்குச் சமம் என்பதால், பெரும் பணம் கொடுத்து வாங்கியதில் இரண்டு மூன்று மி.மீ. மட்டுமே கூடுதலாகக் கிடைத்திருக்கும். கிராப் சென்சாருக்கு வேண்டியது 10–18, 10–20, 11–16 போன்ற எண்கள். அகல முனையில் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் மதிப்பு அதிகம். 24 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாகச் சுமார் 74 பாகை காட்டும், 18 மி.மீ. 90 பாகை, 16 மி.மீ. 97 பாகை, 14 மி.மீ. 104 பாகை. 200க்கும் 202க்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத அதே இரண்டு மி.மீ., 14க்கும் 16க்கும் இடையே ஒரு தூணையே உள்ளே கொண்டுவரும் அல்லது வெளியே தள்ளும்.

போட்டோவில் சரியாக இருந்து வீடியோவில் மட்டும் குறுகினால் லென்ஸை விட்டுவிட்டு மெனுவைப் பாருங்கள். சில கேமராக்கள் 4கே பதிவின்போது சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துகின்றன. மின்னணு நடுக்கத் தடுப்பு இயங்கினால் மேலும் கொஞ்சம் வெட்டப்படும். கிராப் சென்சாருக்கான லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் பொருத்தினாலும் பல கேமராக்கள் கேட்காமலேயே கிராப் நிலைக்கு மாறிவிடும்.

பழைய லென்ஸ் வாங்குவோருக்கு இன்னொன்று. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டோக்கினா 11–16 எஃப் 2.8 லென்ஸின் முதல் நிக்கான் பதிப்பில் லென்ஸிலும் மோட்டார் இல்லாததால் இரண்டும் சேரும்போது ஆட்டோ ஃபோகஸ் இயங்காது. இரண்டாம் பதிப்பில் அந்தக் குறை தீர்ந்தது.

மூலைகள் கறுக்கின்றன

இங்கே இரண்டாவது கேள்விதான் சாவி. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு படம், எஃப் 8 இல் ஒரு படம் என வெற்றுச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். நடுவிலிருந்து மெல்ல மெல்ல மங்கும் நிழல் எஃப் 8 இல் பெரும்பாலும் மறைந்தால் அது லென்ஸின் இயல்பு. மென்பொருளில் லென்ஸ் புரொஃபைலை (அந்த லென்ஸின் குறைகளைத் திருத்தும் தயார் அமைப்பை) தேர்ந்தெடுத்தால் போய்விடும், ஆனால் மிகவும் இருண்ட மூலையைத் தூக்கிவிடும்போது அங்கே புள்ளியிரைச்சல் கூடும். அப்பர்ச்சரைக் குறைக்கக் குறைக்கக் கறுப்பின் விளிம்பு இன்னும் கூர்மையானால் ஏதோ ஒரு பொருள் குறுக்கே நிற்கிறது என்று பொருள். ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய ஃபில்டர்கள், தடித்த சட்டமுள்ள போலரைசர் (பளபளப்பை அடக்கும் ஃபில்டர்), சரியாகச் சொடுக்கி நிற்காத இதழ் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளி மறைப்பு) ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஹூட் கால் சுற்றுத் திரும்பியிருந்தாலே அதன் நீண்ட இதழ்கள் மூலைகளுக்குள் எட்டிப் பார்க்கும்.

கேமராவின் உள் ஃபிளாஷைப் போட்டால் மட்டும் படத்தின் அடியில் பிறை வடிவ நிழல் விழுந்தால் அது லென்ஸின் நிழலேதான். ஹூடைக் கழற்றுங்கள், போதவில்லை என்றால் தனி ஃபிளாஷுக்கு மாறுங்கள். தனி ஃபிளாஷ்களும் பெரும்பாலும் 24 மி.மீ. வரைதான் ஒளியைப் பரப்பும் என்பதால், அதற்கும் அகலமான லென்ஸில் தலையிலிருந்து இழுத்து விரிக்கும் சிறிய பிளாஸ்டிக் தகட்டை மறக்கக் கூடாது. மாறும் என்டி ஃபில்டர் (திருகித் திருகி ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டி வீடியோ எடுக்கும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போன்ற கறுப்பு விழுவதும் இந்த இனம்தான்: ஃபில்டரை அதன் கடைசி அளவு வரை திருப்பாமல் பாதியில் நிறுத்துங்கள்.

சுவரும் அடிவானமும் வளைகின்றன

கேமராவைச் சாய்த்தால் கோடுகள் சாயும், வளையாது. வளைந்தால் அது லென்ஸின் வேலை. லென்ஸ் புரொஃபைல் இதைத் திருத்திவிடும். மிரர்லெஸ் கேமராக்களுக்கான பல புதிய லென்ஸ்கள் இந்தத் திருத்தத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. 2021இல் வந்த கேனான் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 அதற்கு நல்ல உதாரணம். சிறியது, எடை குறைந்தது. ஆனால் திருத்தம் செய்யாத ரா கோப்பை (சென்சாரின் மூலப் பதிவை) திறந்தால் கோடுகள் புடைத்தும் மூலைகள் கறுத்தும் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், திருத்தத்தை இயக்கினால் போதும். அதற்கு மாறாக, ஃபிஷ்ஐ லென்ஸை, அதாவது நேர்கோடுகளை வளைத்தே காட்டும் வகையை, தெரியாமல் வாங்கியவர்கள் எந்தப் புரொஃபைலிலும் நிம்மதி காண முடியாது. விலை குறைவாக 8 மி.மீ. என்று கண்ணில் படும் லென்ஸ் பெரும்பாலும் ஃபிஷ்ஐயாகவே இருக்கும் என்பதால் வாங்கும்முன் பெயரை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருக்கிறது

லென்ஸைச் சந்தேகிக்கத் தகுந்த அறிகுறி இதுதான். உள்ளே ஏதேனும் ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ இருக்கலாம். வைட் லென்ஸ்களில் சிறிய விலகலும் பெரிதாகத் தெரியும், கீழே விழுந்த லென்ஸில் இதற்கு வாய்ப்பு அதிகம். செங்கல் சுவரை எடுத்துச் சோதிக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. கேமராவைச் சுவருக்குத் துல்லியமாக இணையாக வைப்பது கடினம், ஒரு பாகை திரும்பியிருந்தாலும் நல்ல லென்ஸ் கெட்ட பெயர் வாங்கிவிடும். மொட்டைமாடிக்குப் போவது எளிது.

1. சில நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரம் போன்ற நுணுக்கமான ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, ட்ரைபாடில் கேமராவை வைத்து, நடுக்கத் தடுப்பை நிறுத்தி, அப்பர்ச்சரை முழுதாகத் திறக்கவும்.

2. கோபுரத்தை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றவும். அதன்பின் ஃபோகஸ் வளையத்தைத் தொடக்கூடாது.

3. கேமராவை மட்டும் திருப்பி, அதே கோபுரம் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை வரும்படி, இரண்டு நொடி டைமரில் நான்கு படங்கள் எடுக்கவும்.

4. கணினியில் 100 சதவீத அளவில் நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கவும்.

நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் அது வடிவமைப்பின் எல்லை. எஃப் 8 வரை இறக்கினால் பெரும்பாலும் தேறிவிடும். மூலையிலேயே ஃபோகஸ் செய்தால் மூலை கூர்மையாகி நடு மங்கினால், ஃபோகஸ் தளம் வளைந்திருக்கிறது என்று பொருள். நடுவுக்கும் மூலைக்கும் இடையில் ஓரிடத்தில் ஃபோகஸ் வைத்து அப்பர்ச்சரை இறக்கிக்கொள்ளலாம். ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மற்றவற்றை விடத் தெளிவாக மோசமாக இருந்தால் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே இந்தச் சோதனையைக் கடையின் மாற்றிக்கொடுக்கும் கெடு முடியும்முன் செய்துவிடவும்.

படம் முழுவதும் கூர்மையில்லை

எஃப் 22 இல் எடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். எல்லாம் தெளிவாக இருக்கட்டும் என்று அப்பர்ச்சரைக் கடைசிவரை குறைப்பவர்கள், ஒளி அந்தச் சிறு துளையில் சிதறிப் படம் முழுவதையும் மென்மையாக்குவதைக் கவனிப்பதில்லை. எஃப் 8 இல் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 11 மைக்ரான் வட்டமாக விழும். எஃப் 22 இல் அது 30 மைக்ரானை நெருங்கும். மேலே சொன்னபடி 16 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 8 இலேயே அரை மீட்டரிலிருந்து எல்லாம் அடங்கிவிடுவதால், எஃப் 11ஐத் தாண்ட வேண்டிய தேவை அரிது.

மற்றொரு காரணம், ஃபோகஸ் தவறான இடத்தில் பிடிப்பது. வைட் லென்ஸில் ஆள் சிறியதாகத் தெரிவதால் ஃபோகஸ் புள்ளிக்குள் ஆளும் பின்னணியும் சேர்ந்தே விழும், கேமரா எளிதாகப் பிடிபடும் பின்னணியைத் தேர்ந்தெடுத்துவிடும். சிறிய ஒற்றைப் புள்ளியைப் பயன்படுத்துங்கள். இரவில் விண்மீன்களுக்கு வளையத்தைக் கடைசிவரை திருப்புவதும் தவறு. பல லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்தவும். விண்மீன்கள் கோடாக இழுபட்டால் திறந்திருக்கும் நேரம் அதிகம். 500ஐக் குவியத்தூரத்தால் வகுத்து வரும் நொடிகள் பழைய கணக்கு, 20 மி.மீ.க்கு 25 நொடி. இன்றைய உயர்நுணுக்கச் சென்சார்களில் அதில் பாதியோடு தொடங்குவது நல்லது.

வானத்தில் கருநீலப் பட்டை

போலரைசரைக் கழற்றுங்கள். வானத்தின் ஒளி, சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பகுதியில்தான் மிகுதியாகத் துருவப்படுகிறது. 90 பாகைக்கு மேல் காட்டும் லென்ஸ் அந்தப் பகுதியையும் அதன் இருபுறமும் உள்ள வெளிறிய வானத்தையும் ஒரே படத்தில் கொண்டுவந்துவிடுகிறது. நனைந்த பாறை, வாழையிலை, தெப்பக்குளத்து நீர் ஆகியவற்றின் பளபளப்பை அடக்கப் போலரைசர் அருமையான கருவி. வானம் குறைவாக வரும்படி அமைத்து அங்கே பயன்படுத்துங்கள்.

ஒளிச்சிதறலும் பச்சைப் புள்ளிகளும்

அகலமாகப் பார்க்கும் லென்ஸுக்குள் சூரியனோ மண்டபத்து ஃபோகஸ் லைட்டோ எப்படியும் வந்துசேரும், அதன் குட்டையான ஹூடால் பெரிதாக உதவ முடியாது. முன்கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, பாதுகாப்புக்காக மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றி மீண்டும் எடுத்துப் பாருங்கள். மலிவான ஃபில்டர் என்றால் பச்சைப் புள்ளிகளில் பாதி அங்கேயே போய்விடும். மீதியைச் சமாளிக்கச் சூரியனைத் தூணுக்கோ தென்னை மட்டைக்கோ பின்னால் பாதி மறையும்படி ஓரிரு அடி நகருங்கள். நிக்கான் 14–24 எஃப் 2.8ஜி போல முன்கண்ணாடி குமிழாகப் புடைத்த லென்ஸ்களில் சாதாரணத் திருகு ஃபில்டரை மாட்டவே முடியாது. அருவிக்கு நீண்டநேரத் திறப்பு எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூலைகளில் கிளை நுனிகளைச் சுற்றி வரும் ஊதா, பச்சை விளிம்பு அப்பர்ச்சரை இறக்கினாலும் போகாது. ரா கோப்பில் நிறவிளிம்புத் திருத்தத்தை இயக்கினால் ஒரே சொடுக்கில் போகும்.

ஏசி அறையிலிருந்து சென்னை வெயிலுக்கு வந்தவுடன் படம் முழுவதும் பால் வெண்மையாக இருந்தால் கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. துடைத்தாலும் மீண்டும் படியும். பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். சில நாள் கழித்தும் அதே வெண்மை தொடர்ந்தால் செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. அந்த லென்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, சுத்தம் செய்பவரிடம் தாமதிக்காமல் கொடுங்கள். பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது இதே டார்ச்சைக் கடைக்காரர் முன்னாலேயே அடித்துப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.